அம்புக்குறியை நம்பலாமா?



கணிப்பொறியின் பாகங்களை அடைத்து வைக்கும் உலோகப் பெட்டி கடைக்கு வரும்போது, அதன் அட்டை உறையில் ஒரு படம் அச்சிட்டிருப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்தில் நீல அம்புகள் உள்ளே நுழைகின்றன. பின்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் சிவப்பு அம்புகள் வெளியேறுகின்றன. நீலம் என்றால் குளிர்ந்த காற்று. சிவப்பு என்றால் சூடான காற்று. அம்புகள் எல்லாம் குடியரசு தின அணிவகுப்பில் செல்லும் பிள்ளைகளைப் போல வரிசை கலையாமல் வளைந்து செல்கின்றன.

படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்று உண்மையிலேயே அப்படிச் செல்கிறதா? பாடநூலில் வெப்பச்சலனத்தை விளக்கும் பீக்கர் படத்திலும் அம்புகள் உண்டு. அங்கேயாவது ஒரு பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகத்தை நீரின் அடியில் இட்டு, ஊதா நிற இழை மேலே எழுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். காற்றுக்கு நிறம் இல்லை. ஆகவே அம்பு வரைபவர் சொன்னதே சட்டமாகிவிடுகிறது.

பள்ளிகளில் பழுதாகிப் போன கணிப்பொறிகள் மூலையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றையாவது இயற்பியல் ஆய்வுக்கூடத்து மேசைக்குக் கொண்டு வரவேண்டும்; அதன் பக்கத் தகட்டைக் கழற்றி, காற்று உள்ளே எப்படி ஓடுகிறது என்று மாணவர்களே கண்டறிய விடவேண்டும் என்பது என் கருத்து. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஊதுபத்தி, தையல் நூல், அட்டை, கைவிளக்கு ஆகியவை போதும். இவை இல்லாத ஊர் எது?

முதலில், கணிப்பொறிக்குக் காற்று எதற்கு என்று பார்ப்போம். அதற்குள் செல்லும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. பெட்டிக்குள் 200 வாட் செலவாகிறது என்று கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு 200 ஜூல் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிராம். அதன் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 1.2 ஜூல் போதும். உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியே போகவேண்டும் என்றால், 200-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்குச் சுமார் 17 லிட்டர் வருகிறது. அதாவது ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய ஒரு குடம் காற்று பெட்டிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும்! இதே வேலையைச் செய்ய நீர் எவ்வளவு தேவை என்று நீங்களே கணக்கிடுங்கள். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 4186 ஜூல் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தேக்கரண்டி நீர்கூடத் தேவைப்படாது. காற்று அவ்வளவு ஏழையான வெப்பச் சுமைகூலி!

இன்னொன்றையும் கவனியுங்கள். சித்திரை மாதத்தில் அறையின் வெப்பநிலை 38 டிகிரி என்றால், பெட்டிக்குள் நுழையும் காற்றும் 38 டிகிரிதான். வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்தப் பாகத்தையும் எந்த மின்விசிறியாலும் ஆக்க முடியாது. ஆகவே நம் ஊரில் காற்றின் பாதையைச் சரியாக அமைப்பதற்குக் குளிர்நாடுகளைவிட அதிகத் தேவை உண்டு.

வெப்பக்காற்று மேலே செல்லும், உண்மைதான். ஆனால்...

"வெப்பக்காற்று மேலே எழும், ஆகவே மேற்பக்கத்தில் மின்விசிறி வைத்தால் சூடெல்லாம் போய்விடும்." இந்த வாக்கியத்தைப் பலரும் சொல்லக் கேட்கலாம். இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி எப்போதும் உண்மையாக வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறைவு. பெட்டியின் உயரம் 45 சென்டிமீட்டர். இந்த அடர்த்தி வேறுபாட்டால் உண்டாகும் அழுத்த வேறுபாடு 0.2 பாஸ்கலுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தரும் அழுத்தத்தில் இது சுமார் அறுபதில் ஒரு பங்கு. கணிப்பொறிகளில் உள்ள சாதாரண 12 சென்டிமீட்டர் மின்விசிறியின் வாயை அடைத்தால், அது ஒரு மில்லிமீட்டர் நீர்த்தம்பமோ அதற்கு மேலோ அழுத்தம் காட்டும். இருவரும் கயிறு இழுத்தால் யார் வெல்வார் என்று சொல்ல வேண்டுமா?

மின்விசிறி சுழலும் பெட்டிக்குள் நடப்பது கட்டாய வெப்பச்சலனம். அங்கே காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, இடையில் எதன் மீது உரசிச் செல்கிறது என்பதே முக்கியம். மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் இயற்கை வெப்பச்சலனம் தன் வேலையைக் காட்டும். இந்த இரண்டுக்கும் இலக்கணம் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கும் மாணவரிடம், ஒரு பெட்டியைக் காட்டி "இங்கே நடப்பது எது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். குறை மாணவரிடம் இல்லை. அவருக்குப் பார்க்கக் கொடுத்தது அம்புக்குறி மட்டும்தான்.

காற்றைப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் மெல்லிய சாய இழையைச் செலுத்தினார். ஓட்டம் மெதுவாக இருந்தபோது சாயம் நேர்கோடாகச் சென்றது. வேகம் கூடியதும் இழை கலைந்து குழாய் முழுவதும் பரவியது. சீரான ஓட்டத்துக்கும் கொந்தளிப்பான ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அன்று கண்ணுக்குப் புலப்பட்டது. ரெனால்ட்ஸ் எண் அந்தச் சாய இழையிலிருந்து பிறந்ததுதான். சில ஆண்டுகள் கழித்து, 1899-க்கும் 1901-க்கும் இடையில், பிரான்சில் எத்தியேன் ஜூல் மாரே என்பவர் கண்ணாடிப் பெட்டிக்குள் பல புகை இழைகளை இணையாக இறங்கவிட்டார். குறுக்கே தடைகளை வைத்து, புகை எப்படி வளைகிறது என்று புகைப்படம் எடுத்தார். கடைசியாக அவர் செய்த கருவியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புகை இழைகள் இருந்தன. மாரே ஓர் உடலியல் அறிஞர். பறவை பறப்பதை ஆராயப் போய்க் காற்றில் இறங்கியவர். நாம் செய்யப்போவது மாரேயின் கருவிக்கு ஏழைத் தம்பி.

தூசி எழுதிய குறிப்பு

புகைக்கு முன் தூசியைப் பாருங்கள். பழைய கணிப்பொறியைத் திறந்தவுடன் துணியை எடுத்துத் துடைக்கப் பாயாதீர்கள்! பல ஆண்டுகள் காற்று எந்த வழியே சென்றது என்பதைத் தூசி அங்கே எழுதி வைத்திருக்கிறது. காற்று நுழையும் சல்லடையில் கம்பளி போலப் படிந்திருக்கும். செயலியின் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கில், மின்விசிறியை நோக்கிய பக்கத்தில் அடைத்திருக்கும். ஒரு சில மூலைகள் மட்டும் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கலாம். ஒரு தாளில் பெட்டியின் படத்தை வரைந்து, தூசி அதிகமான இடங்களைப் பென்சிலால் நிழலிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புகைச் சோதனையில் காண்பதோடு ஒப்பிடலாம்.

விசிறியின் இதழ்களையும் பாருங்கள். அவ்வளவு வேகமாகச் சுழலும் இதழில் தூசி எப்படி ஒட்டியது? காற்று அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறியைத் துடைத்தவர்களுக்கு இந்த ஐயம் வந்திருக்கும். எந்தப் பரப்பை ஒட்டியும் இருக்கும் மிக மெல்லிய காற்றுப் படலம் அந்தப் பரப்போடு சேர்ந்தே நகர்கிறது. இதழின் மேல் அமர்ந்த நுண்தூசிக்கு அங்கே காற்று வீசுவதே தெரியாது. செயலியின் தகடுகளைச் சுற்றியும் இதே படலம் போர்வைபோல் இருக்கிறது. காற்றின் வேகம் கூடும்போது அந்தப் போர்வை மெலிகிறது. வெப்பம் எளிதில் வெளியேறுகிறது.

நூலும் புகையும்

இனி நூல். பஞ்சுத் தையல் நூலின் முறுக்கைப் பிரித்து, ஒரே இழையை 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். மெல்லிய கம்பி ஒன்றின் நெடுகிலும், 4 சென்டிமீட்டருக்கு ஓர் இழை வீதம் ஒட்டுங்கள். இதைப் பெட்டிக்குள் நீட்டினால், ஒவ்வோர் இழையும் அந்தந்த இடத்தில் காற்று செல்லும் திசையைக் காட்டும். விமான இறக்கைகளின் மேல் காற்று எங்கே பிரிகிறது என்று காண்பதற்கும் பொறியாளர்கள் இவ்வாறே நூல் ஒட்டிப் பார்க்கிறார்கள். இழை விறைத்து நின்றால் ஓட்டம் சீரானது. துடித்தால் கொந்தளிப்பு. தொங்கினால் அங்கே காற்று தேங்கி நிற்கிறது. நூல் விசிறியில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைச் சோதனைக்கு இயங்கும் கணிப்பொறியைப் பயன்படுத்தவே கூடாது. ஊதுபத்திப் புகையில் பிசின் போன்ற பொருள்கள் உண்டு; அவை மின்சுற்றுகளின் மேல் படியும். பழுதான கணிப்பொறியிலிருந்து மதர்போர்டையும் பவர் சப்ளைப் பெட்டியையும் முழுதாகக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதீர்கள். அதன் மின்தேக்கிகளில், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். நமக்கு வேண்டியவை வெறும் பெட்டியும் அதன் மின்விசிறிகளும்தான். அவை 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுபவை. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும். விசிறி இதழ்களுக்கு அருகில் விரலைக் கொண்டு போகாதீர்கள்.

பெட்டியே கிடைக்கவில்லையா? அதே அளவில் அட்டைப் பெட்டி செய்துகொள்ளுங்கள். உட்புறம் முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் புகைப்படச் சட்டத்தின் கண்ணாடியையோ, தடித்த ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளையோ பொருத்துங்கள். உள்ளே செயலிக்குப் பதில் ஒரு சிறிய தகர டப்பா. நினைவக அட்டைகளுக்குப் பதில் நான்கு அட்டைத் துண்டுகள். கிராபிக்ஸ் அட்டைக்குப் பதில் குறுக்கே ஒரு நீண்ட அட்டை. இந்த நீண்ட அட்டை பெட்டியை மேல் அறை, கீழ் அறை என்று பிரித்துவிடுவதைப் பிறகு காண்பீர்கள்.

புகையை விடுவதில் ஒரு நுட்பம் உண்டு. எரியும் ஊதுபத்தியை அப்படியே பெட்டிக்குள் நீட்டினால், அதன் நுனியின் வெப்பத்தால் புகை தானே மேலே எழும். காற்றோட்டம் மேல்நோக்கி இருப்பதாக அது பொய்ச்சாட்சி சொல்லும்! ஆகவே, அமுக்கினால் நசுங்கும் பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் புகையை நிரப்பி, ஊதுபத்தியை வெளியே எடுத்துவிட்டு, ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். மூடியில் துளையிட்டு, மீன் தொட்டியில் காற்று செலுத்தும் மெல்லிய குழாயைச் செருகுங்கள். புட்டியை மெதுவாக அமுக்கினால் ஆறிய புகை இழையாக வரும். அது மேலே எழாமல், காற்று இழுத்த இழுப்புக்குப் போகும். புகைத் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. அதனால் காற்றை விட்டு விலகாமல் அதனோடே செல்கின்றன.

ஓட்டு வீட்டுக் கூரையின் இடுக்கு வழியே விழும் வெயில் கற்றையில் தூசி மினுங்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே முறைதான் இங்கும். அறையை இருட்டாக்குங்கள். கைவிளக்கின் முகத்தில் கறுப்புத் தாள் ஒட்டி, 3 மில்லிமீட்டர் அகலப் பிளவு வெட்டி, ஒளியைத் தகடுபோலப் பெட்டிக்குள் செலுத்துங்கள். அந்த ஒளித் தகட்டில் படும் புகை மட்டும் ஒளிரும், மற்றது தெரியாது. காற்றை வெங்காயத்தைப் போல அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்ததுபோல இருக்கும்.

என்ன தெரியும்? விசிறி இழுக்கும் பக்கமும் ஊதும் பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் வியப்படைவார்கள். ஊதும் பக்கத்தில் காற்று தாரையாக, சுழன்றபடி, நெடுந்தூரம் பாய்கிறது. நடுவில் மோட்டார் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே மட்டும் புகை தயங்கி வட்டமிடும். இழுக்கும் பக்கத்திலோ காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் சோம்பலாக வந்து சேர்கிறது. விசிறியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புகையை விட்டால் அது அசைவதே அரிது. எரியும் மெழுகுவர்த்தியை ஓர் அடி தூரத்திலிருந்து ஊதி அணைக்கலாம். அதே தூரத்திலிருந்து மூச்சை உள்ளிழுத்து அணைக்க முடியுமா? அம்புக்குறிப் படங்களில் இந்த வேறுபாடு இருக்கவே இருக்காது.

அடுத்து, முன்பக்கத்தில் ஊதும் விசிறி ஒன்றும், மேற்பக்கத்தில் அதற்கு மிக அருகில் இழுக்கும் விசிறி ஒன்றும் வையுங்கள். முன்னால் நுழைந்த புகையில் ஒரு பகுதி, செயலி இருக்கும் இடத்தை எட்டாமலேயே மேலே தப்பி ஓடிவிடும். விசிறிகள் இரண்டு, பயனோ ஒன்றுக்கும் குறைவு. மேல் விசிறியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். புகையின் பாதை நீள்வது தெரியும். "இன்னொரு விசிறி போடுங்கள்" என்று பணம் கேட்பவரிடம், "எங்கே, எந்தத் திசையில்?" என்று திருப்பிக் கேட்கும் துணிவு இந்தக் காட்சியிலிருந்து வரும்.

புகை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழகான புகை நம்மை ஏமாற்றிவிடும். தகர டப்பாவுக்குள், மோட்டார் சைக்கிளில் திரும்புவதற்குச் சைகை காட்டும் 12 வோல்ட், 10 வாட் இழை பல்பு ஒன்றை, இணைப்புகள் தகரத்தில் படாதவாறு பொருத்துங்கள். டப்பாவின் வெளிப்பரப்பில் வெப்பமானியின் குமிழைப் படும்படி ஒட்டுங்கள். ஒவ்வொரு விசிறி அமைப்புக்கும் 15 நிமிடம் காத்திருந்து வெப்பநிலையைக் குறியுங்கள்; அறை வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பக்கத் தகட்டைத் திறந்து வைத்தால் குளிர்ச்சி கூடும் என்று நம்புகிறவர்கள், திறந்தும் மூடியும் அளந்து பார்க்கட்டும். திறந்தவுடன் முன் விசிறியின் தாரை பக்கவாட்டில் சிதறுவதை நூல் காட்டும். அதனால் டப்பாவின் சூடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது உங்கள் பெட்டியைப் பொறுத்தது. இரண்டு விடையும் வரலாம். இதைத்தான் நான் விரும்புகிறேன்: ஆசிரியருக்கே முன்கூட்டி விடை தெரியாத ஒரு சோதனை! நம் செய்முறை வகுப்புகளில் அப்படி எத்தனை இருக்கின்றன?

கைபேசி இருந்தால் இன்னும் ஒருபடி மேலே போகலாம். கறுப்புத் தாளில் சென்டிமீட்டர் கோடுகளை வரைந்து, புகையைப் படம் பிடியுங்கள். வினாடிக்கு 30 படங்கள் எடுக்கும் கைபேசியில், அடுத்தடுத்த இரு படங்களுக்கிடையில் புகையின் முனை 3 சென்டிமீட்டர் நகர்ந்தால், காற்றின் வேகம் வினாடிக்கு 90 சென்டிமீட்டர். வெர்னியர் அளவுகோலால் ஒரே உருளையை நாற்பது பேர் மாற்றி மாற்றி அளப்பதைவிட இது சுவையான செய்முறை என்று நான் சொன்னால் பாடத்திட்டக்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

"இன்று காற்றோட்டத்தைக் கணிப்பொறியே கணக்கிட்டு வண்ணப் படமாகத் தருகிறதே, ஊதுபத்தி எதற்கு?" என்று கல்லூரி மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கணக்கீடுகள் பயனுள்ளவைதாம். விமானம் கட்டுபவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் விமானம் கட்டுபவர்கள் காற்றுச் சுரங்கங்களை இடித்துவிடவில்லை. நுழைவாயிலில் காற்று எப்படி வருகிறது, எந்த இடுக்கு திறந்திருக்கிறது என்று நாம் கொடுக்கும் தகவல் தவறானால், வண்ணப் படமும் அழகாகத் தவறும்.

"பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்" என்பது இன்னொரு மறுப்பு. ஏற்கெனவே கெட்டுப்போன பெட்டியை என்ன செய்துவிடப் போகிறார்கள்? நல்ல கணிப்பொறிகளைப் பூட்டி வையுங்கள், ஆட்சேபம் இல்லை. பழையதை எடைக்குப் போடும் முன் ஒரு மாதம் ஆய்வுக்கூடத்துக்குக் கடன் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கும் அனுமதி கிடைக்காதவர்கள், வீட்டிலோ நண்பர் வீட்டிலோ ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியைத் திறக்காமலேயே ஒன்று செய்யலாம். மெல்லிய காகிதக் கைக்குட்டையிலிருந்து ஒரு விரல் அகலக் கீற்றைக் கிழித்து, பெட்டியின் ஒவ்வொரு துளைக்கும் சல்லடைக்கும் இடுக்குக்கும் வெளியே பிடியுங்கள். கீற்று ஒட்டிக்கொண்டால் அங்கே காற்று உள்ளே போகிறது. விலகிப் பறந்தால் வெளியே வருகிறது. விசிறியே இல்லாத சிறு இடுக்குகளில்தான் வேடிக்கை அதிகம். அங்கெல்லாம் கீற்று ஒட்டினால், வெளியே தள்ளும் விசிறிகள் உள்ளே இழுப்பவற்றைவிட மிஞ்சி நிற்கின்றன. சல்லடையில் வடிகட்டப்படாத காற்று, தூசியோடு, அந்த இடுக்குகள் வழியே புகுந்துகொண்டிருக்கிறது. பெட்டியின் நான்கு பக்கங்களையும் ஒரு தாளில் வரைந்து, நீங்கள் கண்டபடி அம்புகளைப் போடுங்கள். பிறகு கடை அட்டையில் இருக்கும் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.